மாட்டுக்குள் வைத்த மருந்து

என் கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வரப்பில் மண்வெட்டி பிடித்த விரல்கள் பேனாவை அழுத்திப் பிடிக்கின்றன, எழுத்து தாளில் பள்ளமாக விழுகிறது. எந்த இடத்தில் பெரிய ற, எந்த இடத்தில் சின்ன ர என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். தப்பாக இருந்தால் சரியாக நினைத்துக்கொண்டு படியுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேச வராது எனக்கு. எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு கறவை மாடு. ஜெர்சி கலப்பு, செவலை நிறம். நானும் என் சம்சாரமும் குத்தகை நிலத்தில் சம்பா நடுகிறோம். நெல் வருஷத்துக்கு ஒரு தடவைதான் கையில் எதையாவது கொடுக்கும், அதுவும் மழை சும்மா இருந்தால். மற்ற நாளெல்லாம் செவலையின் பாலில்தான் அடுப்பு எரிகிறது. அது இரண்டாவது கன்று போட்டு ஒரு வருஷம் தாண்டிவிட்டது. மறுபடி சினை நிற்கவில்லை. பால் நாளுக்கு நாள் குறைந்து, சொம்பில் பாதிக்கு வந்துவிட்டது. சினையும் இல்லாமல் பாலும் வற்றிப்போன மாட்டை எங்களைப் போன்றவர்கள் கட்டி வைத்துத் தீனி போட முடியாது. அடிமாடுகளைக் கேரளாவுக்கு வண்டி ஏற்றுகிற தரகர் வாராவாரம் எங்கள் தெருவில் பைக்கை நிறுத்தி, செவலையின் இடுப்பைப் பார்த்துவிட்டுப் போவார். ஒன்றும் கேட்க மாட்டார். பார்ப்பார், போவார்.

மாடு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும். வந்தால் கத்தும், கயிற்றைச் சுற்றும், பக்கத்து மாட்டின் மேல் தாவும், தீனி எடுக்காது. பின்னால் கண்ணாடி மாதிரி கோழை வடியும். காலையில் கண்டால் சாயங்காலம் சினை ஊசி போட வேண்டும், சாயங்காலம் கண்டால் மறுநாள் காலையில். இவ்வளவுதான் கணக்கு. ஆனால் எங்கள் செவலை கத்தாது. சுற்றாது. வந்ததா போனதா என்றே தெரியாது. டீக்கடையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒருவர் சொன்னார், "வீட்டுக்காரனுக்கே வாய் கிடையாது, மாடு மட்டும் எங்கேருந்து கத்தும்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு டம்ளரை வைத்துவிட்டு வந்தேன்.

ஊசி போடுகிறவர் பல தடவை வந்தார். நாங்கள் குத்துமதிப்பாகச் சொன்ன நாளில் போட்டார். நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் பைக்கை எடுக்கும்போது, "இந்தத் தடவை பார்ப்போம்" என்பார். அவருக்கும் அலுத்துவிட்டது என்று தெரிந்தது.

மார்கழியில் எங்கள் ஊரில் கால்நடை முகாம் போட்டார்கள். ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு டாக்டரம்மா வந்திருந்தார்கள். சின்ன வயசு. தோள்வரை கையுறை மாட்டிக்கொண்டு செவலைக்குள் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார்கள். கருப்பையில் கோளாறு இல்லை, சினைப்பை இரண்டும் தூங்குகிறது என்றார்கள். மூளையிலிருந்து சினைப்பைக்கு ஒரு உத்தரவு வர வேண்டுமாம், ரத்தத்தில் கரைந்து வருகிற உத்தரவு. அதற்கு ஹார்மோன் என்று பேர். உத்தரவு சரியாக வந்தால் முட்டை பழுக்கும், மாடு பருவத்துக்கு வரும். முட்டை வெடித்த இடத்தில் மஞ்சளாக ஒரு கட்டி வளர்ந்து, கர்ப்பம் தங்குவதற்கான இன்னொரு ஹார்மோனைச் சுரக்கும். கன்று தங்காவிட்டால் அந்தக் கட்டியைக் கரையச் சொல்லிக் கருப்பையே ஆள் அனுப்பும். மறுபடி முதலிலிருந்து.

எனக்கு அது வாய்க்கால் முறை மாதிரி புரிந்தது. மேலே ஷட்டரைக் கொஞ்ச நாள் மூடி வைத்து, பிறகு திறந்தால் தண்ணீர் கடைமடைவரைக்கும் ஒரே வேகத்தில் வரும். எப்போதும் அரைகுறையாகத் திறந்து கிடந்தால் யார் வயலுக்கும் ஏறாது. இதை டாக்டரம்மாவிடம் சொல்ல நினைத்தேன். பின்னால் நிறைய பேர் மாட்டோடு நின்றார்கள். சொல்லவில்லை.

டாக்டரம்மா ஒரு பொருளை எடுத்துக் காட்டினார்கள். இங்கிலீஷ் டி எழுத்து மாதிரி பிளாஸ்டிக், மேலே ரப்பர் பூச்சு, அந்தப் பூச்சில்தான் ஹார்மோன். மாட்டின் பின்பக்கமாக உள்ளே வைத்துவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக ஊறும். அது உள்ளே இருக்கும்வரை ஷட்டர் மூடியிருக்கிற மாதிரி. எடுத்த பிறகு இரண்டு மூன்று நாளில் மாடு பருவத்துக்கு வர வேண்டும். எடுப்பதற்காக ஒரு நீல நூல் வால் மாதிரி வெளியே தொங்கும். போகிக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கே வந்து வைத்தார்கள். காணும் பொங்கல் கழிந்து தானே வந்து எடுப்பதாகவும், அதுவரை யாரும் தொடக்கூடாது என்றும் சொன்னார்கள்.

டாக்டரம்மா போன பிறகு என் சம்சாரம் தொழுவத்துக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, "இதுக்கும் நிக்கலைன்னா குடுத்துடலாங்க. என்னால புல்லுக்கு அலைய முடியல" என்றாள். அவள் முட்டி வீங்கிக் கிடந்தது. சரி என்றேன்.

பொங்கலுக்கு என் மச்சான், சம்சாரத்தின் தம்பி, திருப்பூரிலிருந்து வரிசை கொண்டுவருவான். பனியன் கம்பெனியில் வேலை. அவன் பெண்டாட்டியும் வரும். அது எனக்குத் தங்கச்சி முறை. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஆகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் அந்தப் பெண்ணைக் கண்டால் வயிற்றைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதனால் என் சம்சாரம் எனக்குக் கண்டிப்பாகச் சொல்லி வைத்தாள். அந்தப் பிள்ளை இருக்கும்வரை சினை, ஊசி, கன்று என்று எதுவும் வாயில் வரக்கூடாது. மாட்டுக்கு மருந்து வைத்திருப்பது தெரியவே கூடாது. எனக்கு அது கஷ்டமே இல்லை. பேசாமல் இருப்பதற்கு யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் சம்சாரத்துக்குத்தான் சிரமம். பாலைப் பற்றிப் பேசினால் பேச்சு நேராகக் கன்றில் போய் முட்டும். பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, "காபி போடட்டுமா" என்பாள். அந்த இரண்டு நாளில் வீட்டில் எத்தனை காபி குடித்தோம் என்று தெரியாது.

மாட்டுப் பொங்கலன்று மச்சான் செவலையைக் குளிப்பாட்டுகிறேன் என்று வாய்க்காலுக்கு ஓட்டிப் போனான். வருஷா வருஷம் அவன்தான் குளிப்பாட்டுவான், அதில் அவனுக்கு ஒரு சந்தோஷம். அந்த நேரம் நான் கொம்புக்குப் பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்தேன். சம்சாரம் பொங்கல் பானைக்கு மஞ்சள் கொத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். வாலைத் தூக்காமல் குளிப்பாட்டு என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பான். என்ன சொல்வது.

கொஞ்ச நேரத்தில் கரையில் சத்தம். மச்சான் ஒரு கையில் மாட்டையும் இன்னொரு கையில் அந்த டி எழுத்தையும் பிடித்துக்கொண்டு வருகிறான். பின்னால் தெருவே வருகிறது. அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"மாமா, மாட்டுக்கு என்னத்தப் போட்டு வளக்குறீங்க? வைக்கோல் கட்டு நூலத் தின்னுருக்கு. கூடவே பிளாஸ்டிக்கு. மெதுவா சோப்புப் போட்டு இழுத்தேன். நான் மட்டும் பாக்கலன்னா இன்னைக்குப் போயிருக்கும்."

அவன் அப்படி நினைத்ததில் தப்பில்லை. இப்போது மெஷினில்தான் அறுக்கிறோம், மெஷினில்தான் வைக்கோலைச் சுருட்டிக் கட்டுகிறோம். அந்தக் கட்டு நூலும் இதே மாதிரி நைலான், இதே நீலம். மாடு அதைத் தின்றுவிட்டு, சாணியோடு நூல் தொங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். போன வருஷம் மூன்றாவது வீட்டு மாடு அதனாலேயே வயிறு உப்பிச் செத்தது. மச்சான் அப்போது துக்கம் கேட்கக்கூட வந்திருந்தான். இடுப்பளவு சோப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு வாலுக்குக் கீழே நீல நூலைப் பார்த்தவன், அது எந்த வழியாக வருகிறது என்றா ஆராய்வான்.

தெருவில் இரண்டு பேர் அவன் முதுகில் தட்டினார்கள். சம்சாரம் ஓடி வந்தாள், அந்தப் பொருளைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டு அக்காதான் போட்டு உடைத்தது. "அடப்பாவி, அது சினை நிக்கறதுக்கு டாக்டரம்மா வச்ச மருந்துடா."

எல்லோரும் மச்சானைப் பார்க்காமல், அவனுக்குப் பின்னால் நின்ற அவன் பெண்டாட்டியைத்தான் பார்த்தார்கள். எனக்கு அந்த இடத்தை விட்டுப் போய்விட வேண்டும்போல இருந்தது. கையில் பெயிண்ட் பிரஷ் இருந்தது, அதைத் தரையில் வைக்கக்கூடத் தோன்றவில்லை.

தங்கச்சி மெதுவாக வந்து அந்தப் பொருளைப் புருஷன் கையிலிருந்து வாங்கியது. குழாயடியில் கழுவித் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "கவர் இருக்காண்ணே?" என்று என்னைக் கேட்டது. மருந்துக் கவரைத் தொழுவத்துக் கூரையில் செருகி வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். அது படித்துவிட்டுக் கவரை மடித்தது.

"இது எனக்கும் குடுக்கறதுதாண்ணே. எனக்கு ஊசியா போடுவாங்க. இடுப்புல. கட்டி கட்டியா நின்னுடும்."

சம்சாரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மச்சான் ஈரத் துண்டோடு குற்றவாளி மாதிரி நின்றான். தங்கச்சி அவனைப் பார்த்து, "நல்லவேளை, என் மருந்துக்கு நூல் இல்ல" என்றது.

முதலில் பக்கத்து வீட்டு அக்காதான் சிரித்தது. பிறகு எல்லோரும். மச்சானுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

டாக்டரம்மாவுக்குப் போன் போட வேண்டும். பண்டிகை நாளில் ஒரு டாக்டரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்ல என்னால் ஆகாது. அது புரிந்த மாதிரி தங்கச்சியே என் போனை வாங்கிப் பேசியது. மருந்தின் பேரைச் சொல்லி, என்றைக்கு வைத்தது, எப்போது வெளியே வந்தது என்று கோர்வையாகச் சொன்னது. டாக்டரம்மா முதலில் கொஞ்சம் கடிந்துகொண்டார்களாம். பிறகு, வாய்க்காலில் நனைந்ததைத் திரும்ப வைக்க வேண்டாம், உள்ளே இருந்த நாளுக்குக் கொஞ்சமாவது பலன் இருக்கும், இனி இரண்டு மூன்று நாள் காலையும் சாயங்காலமும் கண் எடுக்காமல் பாருங்கள், பருவம் வந்தால் வந்ததுதான், வராவிட்டால் பிறகு பார்க்கலாம் என்றார்கள். பிறகு பார்ப்பதற்கு எங்களிடம் தெம்பில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

செவலைக்குக் கொம்பில் பெயிண்ட் அடித்தோம். புதுக் கயிறு மாட்டினோம். மாலை போட்டோம். பொங்கலோ பொங்கல் சொன்னோம். மச்சான் சாப்பிடவில்லை. சம்சாரம் அவனுக்கு ஊட்டாத குறையாகக் கெஞ்சினாள். "விடுங்கண்ணி, பசிச்சா தின்னும்" என்று தங்கச்சி சொன்னது. மாட்டைச் சொன்னதா புருஷனைச் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

காணும் பொங்கலன்று மச்சான் வேலைக்குக் கிளம்பினான். தங்கச்சி கிளம்பவில்லை. இரண்டு நாள் இருந்து மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றது. நாங்கள் இருவரும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைத் தொழுவத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டது. நான் வயலில் தண்ணீர் வடிய வைத்துவிட்டு வரும்போதெல்லாம் அங்கேயேதான் இருக்கும். எனக்கும் மாட்டுக்கு அருகில் வேலை இருக்கும், சாணி அள்ளுவது, தண்ணீர் காட்டுவது. அப்போது அது தானாகப் பேசும். நாளை எண்ணுவது, ஊசி போடுவது, ஸ்கேன் எடுப்பது, முட்டை எத்தனை மில்லிமீட்டர் வளர்ந்தது என்று கேட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பது, இன்றைக்குத்தான் நாள் என்று சொன்னால் கம்பெனியில் லீவு கேட்பது. எதற்கு லீவு என்று சூப்பர்வைசர் கேட்டால் என்ன சொல்வது. பிறகு மாசக் கடைசியில் வயிற்று வலி வரும், அவ்வளவுதான். "செவலையாவது ஒண்ணும் தெரியாம நிக்குதுண்ணே. எனக்கு எல்லாம் தெரியுது" என்றது.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை கழுவியதையே மறுபடியும் கழுவினேன்.

அதற்கு அடுத்த நாள் விடிகாலை தங்கச்சிதான் என்னைக் கூப்பிட்டது. செவலை கத்தவில்லை, கயிற்றைச் சுற்றவில்லை. நாற்காலியில் இருந்த தங்கச்சியின் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நின்றது. வாலைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி கோழை, அறுபடாமல் தொங்கியது. இத்தனை மாசத்தில் அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை. "வந்துடுச்சாண்ணே?" என்று கேட்டது. "வந்துடுச்சும்மா" என்றேன்.

சாயங்காலம் ஊசிக்காரர் காளை விந்தை உறையவைத்த நைட்ரஜன் குடுவையோடு வந்தார். குடுவையைத் திறந்ததும் புகை வந்தது. தங்கச்சி எட்டி நின்று, சேலையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு பார்த்தது. ஊசிக்காரர் கிளம்பும்போது இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பஸ் ஏறும்போது அது, "நின்னா சொல்லுங்க. நிக்கலைன்னாலும் சொல்லுங்க" என்றது.

மாடு சினையா இல்லையா என்று கை விட்டுப் பார்க்க மூன்று மாசம் ஆக வேண்டும். அந்த மூன்று மாசம் எப்படிப் போனது என்று கேட்டால், போனது என்றுதான் சொல்ல முடியும். அறுப்புக்கு மெஷின் கிடைக்க அலைந்தோம். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, ஈரம் அதிகம் என்று சொன்னதால் காயவைத்துக்கொண்டு அங்கேயே கிடந்தேன். செவலை அடுத்த மூன்றாவது வாரத்தில் பருவத்துக்கு வரவில்லை. அது வாய் திறக்காத மாடு, வராததை எப்படி நம்புவது. பால் நின்றுவிட்டது. சம்சாரம் கடையில் பாக்கெட் பால் வாங்கினாள். வாங்கும்போது கடைக்காரர் கேலியாக ஏதோ கேட்டிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. தரகர் ஒருநாள் பைக்கை விட்டு இறங்கியே வந்தார். "இன்னும் எதுக்கு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். சித்திரை வரட்டும் என்றேன். நான் சொன்னதில் அதுதான் கொஞ்சம் சத்தமாகச் சொன்னது.

தங்கச்சி ஞாயிற்றுக்கிழமை தோறும் சம்சாரத்துக்குப் போன் பண்ணும். எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் மாட்டைக் கேட்கும். இன்னும் பார்க்கவில்லை என்று இவள் சொல்வாள்.

சித்திரையில் டாக்டரம்மா வந்தார்கள். கையுறை மாட்டி, கையை விட்டு, அதே மாதிரி கண்ணை மூடினார்கள். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. "சினைதான். நல்லா இருக்கு" என்றார்கள். சம்சாரம் தொழுவத்துத் தரையில், சாணியைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்து அழுதாள். எனக்குச் சந்தோஷம் உடனே வரவில்லை. கால் வலிதான் தெரிந்தது. இனிமேல் புல்லுக்கு அலைய வேண்டும், தவிடு வாங்க வேண்டும் என்றுதான் மனசு ஓடியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தபோது சம்சாரம் எடுக்கவில்லை. நிற்கவில்லை என்றிருந்தால்கூட அவளால் சொல்லியிருக்க முடியும். நின்றுவிட்டது என்று எப்படி அந்தப் பிள்ளையிடம் சொல்வது என்று கேட்டாள். போன் அடித்து நின்றது. மறுபடி அடித்தது. நான் எடுத்தேன். என் குரலைக் கேட்டு, அண்ணிக்கு உடம்பு சரியில்லையா என்று பயந்துவிட்டது. நான் வழக்கமாகப் போன் எடுக்கிறவன் இல்லை.

"நின்னுடுச்சும்மா," என்றேன்.

அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"வெயில்ல கட்டாதீங்கண்ணே," என்றது. "தண்ணி நிறைய காட்டுங்க." பிறகு, "நாங்க ஊசிய நிறுத்திட்டோம். டாக்டர் நிறுத்தச் சொல்லல. நாந்தான் போதும்னுட்டேன். உடம்பு அசந்துபோச்சு" என்றது.

"சரிம்மா," என்றேன். அது போதாது என்று எனக்கே தெரிந்தது. யோசித்துப் பார்த்தேன், வேறு எதுவும் வரவில்லை. "கன்னு போடறப்ப வந்துட்டுப் போ. சீம்பால் தர்றேன்."

"வர்றேண்ணே. எனக்குன்னு எடுத்து வைங்க. அவருக்குக் குடுத்துடாதீங்க."

அதற்குப் பிறகு தங்கச்சி ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்யும்போது என்னையும் கேட்கிறது. நான் வாங்கி, மாடு நல்லா இருக்கு என்கிறேன். அது சரிண்ணே என்கிறது. பிறகு சம்சாரத்திடம் கொடுத்துவிடுகிறேன். அன்றைக்கு அதற்கு இன்னும் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று பல நாளாக யோசித்தேன். எழுதினால் வரும் என்று நினைத்து உட்கார்ந்தேன். நடந்ததுதான் வந்தது, சொல்ல வேண்டியது வரவில்லை. முதுகு வலிக்கிறது. செவலைக்குப் புல் போட வேண்டும்.

ஆடி மாதம் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை.